உயர நாற்காலியில் ஹானா ஆன்ட்டி

வலது கையின் நடுவிரல் பொத்தானின் மேல் இருக்கும். இடது கையில் ஓர் ஆரஞ்சுச் சுளை. கண்கள் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலாது. சுளை வாய்க்குள் மறையவும் கடிகாரம் பூஜ்யத்தைத் தொடவும் சரியாக இருக்கும். விரல் இறங்கும். ஹாரன் அலறும். அவருக்கு நேர் கீழே ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடும். தேநீர் சட்டையில் சிந்தும்.

"இன்னுமா பழகல உனக்கு? மாடு கூட இந்நேரம் பழகியிருக்கும்" என்பார் ஹானா ஆன்ட்டி, மைக்கை மூடாமல். நான்கு கோர்ட்டும் சிரிக்கும்.

குளிர்காலச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊரில் மர ஆலைக்கு அடுத்தபடி அதிக இரைச்சல் உள்ள இடம் விளையாட்டு சென்டர்தான். வெளியே பனிமூட்டம் ஆலைப் புகையோடு சேர்ந்து கார்களின் மேல் படுத்திருக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடி மங்கும். பிறகு வாசனைகள் ஒவ்வொன்றாக வரும். நீச்சல் குளத்தின் குளோரின், தசைவலித் தைலம், ஈரக் கம்பளிச் சட்டை, சிற்றுண்டிக் கடையில் பொரியும் உருளைக்கிழங்கு. மாடியில் நடனப் பயிற்சிப் பெண்கள் ஒன்றாகக் குதிக்கும்போது கூடத்தின் விளக்குகள் நடுங்கும். குளத்துக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கண்ணாடிச் சுவர். அதில் எப்போதும் ஏழெட்டுக் குழந்தைகளின் மூக்குகள் நசுங்கியிருக்கும். சின்ன அறையில் வயதானவர்கள், கூவப்படும் எண்ணுக்குச் சீட்டில் பொட்டு வைக்கும் எண் விளையாட்டு ஆடுவார்கள். யாராவது இருமினால் பத்துப் பேர் சேர்ந்து 'உஷ்' என்பார்கள். முதல் மூன்று கோர்ட்டுகளில், கம்பத்து வளையத்தில் பெண்கள் பந்தெறியும் வலைப்பந்து. நான்காவதில் மருத்துவமனை நர்சுகள் இறகுப்பந்து ஆடுவார்கள். அவர்கள் அடித்து உத்தரத்தில் சிக்கவைத்த இறகுப்பந்துகளைக் காவலாளி லெஸ் ஒரு நீளக் கழியால் தட்டி எடுத்துக்கொண்டே இருப்பார். அவர் நடையில் அவசரம் என்பதே கிடையாது.

இத்தனைக்கும் மேலே, குளத்திலிருந்து கழித்துக் கட்டிய உயிர்காப்பாளர் நாற்காலியில், இடுப்பைச் சுற்றிப் போர்வையும் காலில் கம்பளிச் செருப்புமாக ஹானா ஆன்ட்டி இருப்பார். முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏணியில் ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவார். அதனால் காலையில் ஏறினால் கடைசி ஆட்டம் முடியும்வரை இறங்குவதில்லை. உரித்த தோலைப் பக்கத்தில் உள்ள சுடுகாற்றுக் குழாயின் மேல் வரிசையாக வைப்பார். கூடத்தின் அந்த மூலையில் மட்டும் ஆரஞ்சு மணக்கும்.

வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அதிலும் யாருக்காகவும் நிற்பதில்லை. சனிக்கிழமை அதே பிள்ளைகள், அதே சட்டம். ஹாரன் அடித்தால் ஆடியவர்கள் வெளியே, அடுத்தவர்கள் உள்ளே. ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி. கெஞ்சிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆலை அலுவலகப் பெண்கள் அணியின் தலைவி டெரினா அதில் முக்கியமானவள்.

"ஆன்ட்டி, ஒரே நிமிஷம். எங்க ஆளு ஒருத்தி பாத்ரூம்ல இருக்கா."

"அங்கயே ஆடச் சொல்லு."

"எங்கம்மா உங்களுக்குச் சொந்தம் ஆன்ட்டி."

"இந்த ஊர்ல எல்லாரும் எனக்குச் சொந்தம்தான். அதான் யாருக்கும் சலுகை கிடையாது."

ஒருவரிடம் மட்டும் அவருடைய பேச்சு மாறும். இரண்டாம் கோர்ட்டின் நடுவர் ரவிரி. ஹானாவின் முன்னாள் கணவர். ஒல்லியான, வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். இருவரும் பிரிந்து பல வருடங்கள் ஆகின்றன. மகள் பிரிஸ்பேனில் இருக்கிறாள். ஒரே ஊர், ஒரே கடை, ஒரே சர்ச்; ஆனாலும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பிரிந்த காரணத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் ஒருமுறை ஹானாவிடமே கேட்டேன். "நல்ல மனுஷன்தான். வீட்ல இருந்தா எனக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான்" என்றார். அது பதிலா இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பேசுவதெல்லாம் மைக்கில்தான், பெயர் சொல்லாமல்.

"ரெண்டாம் கோர்ட் அம்பயர், வாயில இருக்கிற சிப்ஸை முழுங்கிட்டு வரலாம். மத்த கோர்ட்டெல்லாம் காத்துக்கிட்டு இருக்குது."

சென்டர் முழுக்கக் கேட்கும். குளத்தில் இருப்பவர்களுக்கும் உடை மாற்றும் அறையில் இருப்பவர்களுக்கும் கூட. ரவிரி நிமிர்ந்து பார்க்காமல் கட்டைவிரலை உயர்த்துவார். சனிக்கிழமை தவறாமல் நடக்கும் இந்தக் கூத்தைப் பார்க்கவே சில கிழவர்கள் வருவார்கள். முதலில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. கட்டிவாழ்ந்த மனிதரை ஊர் முன்னால் இப்படிப் பேசுவார்களா என்று. பிறகு அதுவும் ஹாரன் போலத்தான். வரும் என்று தெரியும், வரும்போது திடுக்கிடும்.

போன ஜூலையில், இங்கே நடுக்குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை. டெரினாவின் அணிக்குக் கடைசிக் கால்பகுதி. ரவிரி கோட்டோரமாகப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தார். நடுவர்கள் ஓடுவதே அப்படித்தான். திடீரென நின்று வலைக்கம்பத்தைப் பிடித்தார். ஷூ நாடாவைக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையை முன்னே ஊன்றாமல், முகம் குப்புற விழுந்தார். ஈரப் பலகையைத் தரையில் போட்டது போன்ற சத்தம்.

அதே நொடியில் டெரினாவின் ஆள் எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கியது. நான் ஸ்கோர் அட்டையைத் திருப்பினேன். திருப்பிய பிறகுதான் என்ன பார்த்தேன் என்பது எனக்கு உறைத்தது.

நான்காம் கோர்ட்டிலிருந்து நர்ஸ் மரிசெல் மட்டையும் கையுமாக ஓடி வந்தாள். சின்ன உருவம், மணிலாவிலிருந்து இங்கே வந்து மூன்று குளிர்காலம் கண்டவள். அவரைத் தனியாகப் புரட்டிப் போட்டு, முகத்தருகே காதை வைத்தாள். "மூச்சு இல்ல" என்றாள். நெஞ்சில் இரு கைகளையும் வைத்து அமுக்க ஆரம்பித்தாள்.

நான் மேலே பார்த்தேன். ஹானா இறங்கி ஓடிவருவார் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அவர் மைக்கை வாய்க்கு அருகே இழுத்தார்.

"முன் மேசை, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ரெண்டாம் கோர்ட், பக்கவாட்டுக் கதவு. லெஸ், சுவத்துல நெஞ்சுக்கு ஷாக் குடுக்கிற பெட்டி இருக்கு. எடுத்துட்டு ஓடி வா."

வாசலை மறித்து நிற்கும் காரின் எண்ணை அறிவிக்கும் அதே குரல். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. இவர் கல்லா என்று நினைத்தேன்.

பிறகுதான் அது நடந்தது. அவருடைய கண்கள் ரவிரியின் மேல் இருந்தன. கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் அது பூஜ்யத்தைத் தொட்டதும் அந்த விரல் தானாக இறங்கியது.

ஹாரன் அலறியது. உடனே அடுத்த அணிகள் உள்ளே நடந்து வந்தன.

சின்னப் பெண்கள். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள். அவரவர் ஆடும் இடத்தைக் குறிக்கும் எழுத்து நெஞ்சில் ஒட்டிய மேலாடைகளோடு வரிசையாக இரண்டாம் கோர்ட்டுக்குள் வந்தார்கள். ஹானாவே பழக்கிய வரிசை அது. தரையில் கிடந்த ரவிரியின் கால்களைச் சுற்றிக்கொண்டு அந்த வரிசை போனது. ஒரு பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டே வந்து நடு வட்டத்தில் நின்றது. இன்னொன்று, தன் இடத்தில் மரிசெல் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து, அவள் எழுந்திருக்கட்டும் என்று பக்கத்திலேயே மரியாதையாகக் காத்து நின்றது. மடக்கு நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்த தாய்மார்கள் விரித்தபடியே உறைந்தார்கள். யாரும் எதுவும் தவறாகச் செய்யவில்லை. ஹாரன் அடித்தது, வந்தார்கள். அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

ஹானா தன் விரலைப் பார்த்தார். கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டது போலப் பொத்தானிலிருந்து வெடுக்கென்று எடுத்தார்.

"எல்லாரும் நில்லுங்க" என்றார். "தப்பா அடிச்சிட்டேன். தப்பு என்மேல."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை.

"சின்னப் பிள்ளைங்கல்லாம் அம்மாகிட்ட போங்க. பெரியவளுங்க, மூணு கோர்ட்டும், வந்து சுத்தி நில்லுங்க. முதுகைக் காட்டி நில்லுங்க. எவளும் திரும்பிப் பாக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழி விடுங்க."

மஞ்சள், சிவப்பு, பச்சை மேலாடைகளில் பெண்கள் ஓடிவந்து முதுகு காட்டி வட்டமாக நின்றார்கள். தோளோடு தோள். என் மேசையிலிருந்து அவர்களின் முகங்கள் மட்டுமே தெரிந்தன. எல்லா முகங்களும் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே நடப்பது நாற்காலியில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்தது.

"கை ஓஞ்சு போச்சு. யாராச்சும் மாத்துங்க" என்று மரிசெல்லின் குரல். டெரினா வட்டத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அழுதுகொண்டே அமுக்கினாள் போலிருக்கிறது.

"டெரினா, அழுகையெல்லாம் அப்புறம். ரொம்ப வேகமாப் போற. நான் சொல்றப்ப அமுக்கு. அமுக்கு. அமுக்கு. அமுக்கு."

அந்தக் குரல் சென்டர் முழுக்கப் போனது. மாடியில் பாட்டு நின்றது. எண் விளையாட்டு அறையில் எண்கள் நின்றன. குளத்திலிருந்த பிள்ளைகளை யாரோ கரையேற்றிவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சொட்டச் சொட்ட நின்றார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களும் அந்தச் சொல்லைக் கேட்டு நின்ற இடத்தில் நின்றார்கள். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு சத்தம் மட்டும் இருந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

லெஸ் ஓடி வந்தார். அவர் ஓடுவார் என்பதே அன்றுதான் தெரிந்தது. பெட்டியைத் திறந்தார்கள். கத்தரிக்கோலால் சட்டையை வெட்டும் ஓசை. பெட்டியே பேசியது: யாரும் தொடவேண்டாம் என்றது. எல்லோரும் கையை எடுத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் ஹானா பேசினார்.

"ரவிரி. நான்தான். கேக்குதா? இங்க படுக்கிறதுக்கு உனக்கு யாரும் இடம் கொடுக்கல. எழுந்திரு."

பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

உடம்பு தூக்கிப்போட்ட சத்தம் தரைவழியாக என் காலுக்கு வந்தது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி மரிசெல். "அமுக்கு. அமுக்கு. அமுக்கு." மறுபடி பெட்டி, மறுபடி அந்தத் தூக்கிப்போடல். மறுபடி டெரினா. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டும் நான் பார்க்கவில்லை.

"இருங்க, இருங்க" என்றாள் மரிசெல். "துடிக்குது. கையில துடிக்குது."

"அமுக்கு. அமுக்கு."

"துடிப்பு வந்துடுச்சு ஆன்ட்டி."

"அமுக்கு. அமுக்கு."

"ஆன்ட்டி, நிறுத்துங்க. மூச்சு வருது."

அதன் பிறகும் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் ஹானாவின் வாய் நின்றது. நின்ற பிறகும் உதடுகள் அந்த வடிவத்திலேயே இருந்தன.

ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார்கள். தூக்குக் கட்டிலில் ஏற்றும்போது ரவிரியின் கண்கள் திறந்திருந்தன. ஆக்ஸிஜன் முகமூடியைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அதட்டிக் கையை இறக்கினார்கள்.

"கூட யாரு வர்றீங்க?" என்றார் ஒருவர். "வீட்டுக்காரம்மா இருக்காங்களா?"

முதுகு காட்டி நின்றவர்கள் எல்லோரும் இப்போது திரும்பி, நாற்காலியை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவன் அக்கா சின்ன ரூம்ல இருக்காங்க. வருவாங்க" என்றார் ஹானா. மைக் திறந்தே இருந்தது.

எண் விளையாட்டு அறையிலிருந்து அந்த அம்மாள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார். எண்களில் பொட்டு வைக்கும் சிவப்பு மை விரலெல்லாம் அப்பியிருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீ வரல, ஹானா?"

"எனக்கு இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு, அக்கா."

அக்கா கட்டிலின் பின்னால் நடந்தார். கதவு சாத்திக்கொண்டது. "இந்தப் பொம்பள என்ன ஜென்மம்?" என்று எனக்குப் பின்னால் ஒரு தாய் முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் குளிர்சட்டை மாட்டத் தொடங்கினார்கள். அன்றைய ஆட்டங்கள் முடிந்துவிட்டன என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஹானா போர்வையை அவிழ்த்து நாற்காலியில் போட்டார். ஏணியில் இறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரு பாதங்களையும் வைத்து, நின்று, அடுத்த படி. கம்பளிச் செருப்போடு இரண்டாம் கோர்ட்டுக்குள் நடந்தார். பெண்கள் வழிவிட்டார்கள். வெட்டிய வெள்ளைச் சட்டைத் துண்டுகளும் ஷாக் பட்டைகளிலிருந்து பிய்த்துப்போட்ட காகிதங்களும் கிடந்த இடத்தில் குனிந்தார். முழங்கால் மடங்கவில்லை, டெரினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"போதும் ஆன்ட்டி. இன்னிக்கு விடுங்க. ஆட்டத்துக்கு அம்பயர் வேற இல்ல" என்றாள் டெரினா.

ஹானா நிமிர்ந்தபோது கையில் ரவிரியின் விசில் இருந்தது. சட்டையோடு சேர்த்து அதன் கயிற்றையும் வெட்டியிருந்தார்கள். விசில் இன்னும் எச்சில் ஈரமாக இருந்தது, வெளிச்சத்தில் மின்னியது. மரிசெல் அவசரமாக ஒரு காகிதத் துண்டை நீட்டினாள். ஹானா அதை வாங்கவில்லை. விசிலைத் துடைக்காமல் அப்படியே வாயில் வைத்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, கண்களையும் மூடி, ஊதாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஊதினார்.