பிரேசிலுக்காகப் பேசிய ஆர்ஜென்டினாக்காரன்

ஓப்பநாயக்கச் சந்தியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவன் இந்திரகுமார். அவனுடைய ஆட்டோவைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். கூரையிலிருந்து பின்பக்கம் வரைக்கும் வெளிர்நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்து வைத்திருந்தான். ஒருமுறை பெல்மதுளையில் பொலிஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இது என்ன கோலம் என்று சிங்களத்தில் கேட்டார். இந்திரகுமாரும் சிங்களத்திலேயே ஆர்ஜென்டினாவின் உலகக்கிண்ண வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினான். பாதி வரலாறு முடிவதற்குள் அந்த மனிதர் லைசன்ஸைக்கூடப் பார்க்காமல், போய்விடு என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

தோட்டம் இரண்டு பிரிவாக இருந்தது. ஊர்ப் பேச்சில் மேக்கணக்கு, கீக்கணக்கு. இந்திரகுமார் குடியிருக்கும் மேக்கணக்கு லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், ஆர்ஜென்டினா; கீக்கணக்கு லயங்கள் பிரேசில். எப்போது, யார் இப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேக்கணக்கிலிருந்து கீக்கணக்குக்குக் கல்யாணம் கட்டிப்போன பெண்கள்கூட நாளடைவில் பிரேசில் மஞ்சளுக்கு மாறிவிட்டார்கள்.

கீக்கணக்கின் பிரேசில் கூட்டத்துக்குத் தலைவன் மட்டும் தோட்டத்தில் குடியிருப்பவன் அல்ல. அவன் ஹஸீப், சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். இந்திரகுமாரோடு ஒரே வகுப்பில் படித்தவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் இந்திரகுமார் அந்தக் கடை வாசலில்தான் நிற்பான். ஜூன் மாதம் உலகக்கிண்ணம் என்றானபிறகு இருவருக்கும் வேறு பேச்சே இல்லை.

"தெரிவுப் போட்டியில அஞ்சாவதா வந்தவிங்கடா நீங்க. பொலிவியாகிட்ட தோத்தவிங்க. எங்ககிட்ட நாலு கோல் வாங்குனவிங்க. அமெரிக்காவுக்கு எதுக்குப் போறீங்க, சுத்திப் பாக்கவா?" என்பான் இந்திரகுமார்.

ஹஸீப் கையிலிருக்கிற போனின் மூடியைக் கழற்றியபடியே, "போன முறை மொத மெச்சிலயே சவூதிக்குத் தோத்தது ஆரு? அத செல்லு மொதல்ல," என்பான்.

"தோத்தோம். அப்பறம் கோப்பைய தூக்குனது யாரு?"

போன் திருத்தக் கொடுத்தவர்கள் நின்று நின்று கால்வலித்து, நாளைக்கு வருகிறோம் என்று போய்விடுவார்கள்.

இப்படியிருக்கும்போது சித்திரைப் புத்தாண்டு வந்தது. தோட்டத்து மைதானத்தில் வருடா வருடம் விளையாட்டுப் போட்டியும், மாலையில் பட்டிமன்றமும் நடக்கும். பட்டிமன்றத்துக்கு எப்போதும் ஒரே தலைப்புத்தான்: குடும்பத்துக்காக அதிகம் பாடுபடுவது ஆணா, பெண்ணா. தீர்ப்பும் ஒவ்வொரு வருடமும் ஒன்றுதான், இருவரும். இந்த முறை அந்தத் தலைப்பைக் கேட்டால் எழுந்து போய்விடுவோம் என்று கொழுந்தெடுக்கிற பெண்களே சொல்லிவிட்டார்கள். மேக்கணக்கு இளைஞர் மன்றச் செயலாளர் கஜேந்திரன் புதுத் தலைப்பு ஒன்று கொண்டுவந்தான்: 'இன்றைய போர்மில் பிரேசில் உலகக்கிண்ணத்தில் தேறுமா, தேறாதா?' தேறும் என்று ஹஸீப், தேறாது என்று இந்திரகுமார். ஏற்கெனவே தினமும் நடக்கிறதுதானே, மைக் மட்டும் கொடுத்தால் போதும்.

நடுவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர் தருமலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், தமிழ் படிப்பிக்கிறவர், கண்டிப்பானவர். தலைப்பைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"போம் எண்டா என்ன போம் தம்பி? கையெழுத்து வைக்கிற போமோ?"

"இல்லைங்க சேர். இப்ப எப்பிடி வெளையாடுறாங்கங்கிறது."

"ஓ. சரி. ஆனா ஒண்டு. தங்கட கட்சிக்கு ஆரும் கதைப்பினம். மற்றாக்கட கட்சிக்கு நிண்டு கதைக்கிறதெல்லோ வாதம்? சீட்டுப் போடுவம்."

இருவரும் பதறிப்போனார்கள். தருமலிங்கம் கேட்கவில்லை. யாரோ ஒருவருடைய தொப்பியில் இரண்டு துண்டுக் காகிதங்களைப் போட்டுக் குலுக்கினார். இந்திரகுமாருக்கு 'தேறும்' விழுந்தது. ஹஸீபுக்கு 'தேறாது'.

வீட்டுக்கு வந்த இந்திரகுமார் செத்த வீட்டுக்குப் போய்வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தர்மிளா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்பவள். பந்து விளையாட்டில் அவளுக்கு எந்த நாட்டோடும் உறவில்லை.

"என்னாங்க, யாருக்கு என்னா ஆச்சி?"

"பிரேசில் நல்லா வெளையாடும்னு நான் மேடையில பேசணுமாம்."

"பேசிட்டு வாங்களேன். வாய் வலிக்கவா போவுது?"

"ஒனக்குப் புரியாது தர்மிளா. அது எப்புடி என் வாயால வரும்?"

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பிரேசிலுக்காகப் பேசுவது, ஆனால் படுமோசமாகப் பேசித் தோற்பது. ஜெர்சி நல்ல மஞ்சள், ஊர் பெரிய ஊர், ஆட்டக்காரர்கள் நன்றாக நடனம் ஆடுவார்கள் என்று மூன்று சொத்தைக் காரணங்களைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். மேக்கணக்குப் பையன்களிடமும் காதோடு காதாகச் சொல்லிவைத்தான். அவர்களுக்குப் பரம திருப்தி.

இருந்தாலும் மேடையில் மைக் முன்னால் நிற்கிற ஆள், வெறும் கையோடு எப்படிப் போவது? சும்மா தெரிந்துகொள்வோமே என்று பிரேசிலைப் பற்றிப் போனில் தேடிப் பார்த்தான். சவாரிக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் பார்த்தான். சோறு சாப்பிடும்போதும் பார்த்தான். எதிரியை இவ்வளவு நாள் திட்டத்தான் தெரிந்திருந்தது என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

புத்தாண்டு விளையாட்டுப் போட்டி அன்று மாலை மைதானம் நிறைந்திருந்தது. மைதானம் என்று பெயர்தானே தவிர, ஒருபக்கம் சரிவு. பந்து அடித்தால் பாதி நேரம் தேயிலைக்குள் தேடுவதிலேயே போகும். மேட்டுப்பக்கம் மேக்கணக்குக்காரர்கள், பள்ளத்துப்பக்கம் கீக்கணக்குக்காரர்கள். நடுவில், மேடைக்கு நேரே, பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் ஹஸீப் எழுந்தான். "பிரேசில் இந்த முறை..." என்றான். கீக்கணக்குப் பக்கம் ஒருமுறை பார்த்தான். "தேறாது," என்றான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கீக்கணக்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "பின்களம் சரியில்ல. கோல் அடிக்கவும் ஆள் இல்ல. ஆனா, அஞ்சு முறை கோப்பை எடுத்த ஒரு நாட்ட..."

தருமலிங்கம் மணியை அடித்தார். "தம்பி, நீங்கள் ஆற்ற கட்சி?"

கூட்டம் சிரித்தது. ஹஸீபுக்கு ரோஷம் வந்துவிட்டது. பின்களத்தில் யார் எந்தப் பக்கம் வழிவிடுகிறான், எந்தப் போட்டியில் யார் தூங்கினான் என்று பெயர் சொல்லிப் பிரித்துப் பிரித்துப் போட்டான். அத்தனையும் உள்வீட்டு விஷயம், வெளியார் யாரும் அவ்வளவு தெரிந்து வைத்திருக்க முடியாது. அவனுடைய ஆட்களே ஊளையிட்டார்கள். இறங்கும்போது அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

அடுத்தது இந்திரகுமார். திட்டப்படியே ஆரம்பித்தான். ஜெர்சி நல்ல மஞ்சள் என்றான். யாரும் கைதட்டவில்லை. ஊர் பெரிய ஊர் என்றான். பாயில் உட்கார்ந்திருந்த சின்னம்மா என்ற கொழுந்துக்காரி கொட்டாவி விட்டதை அவன் பார்த்துவிட்டான். அவள் தினமும் அவன் ஆட்டோவில் வருகிறவள். அவன் பேச்சுக்கு இதுவரை ஒருநாளும் கொட்டாவி விட்டதில்லை. அந்தக் கொட்டாவிதான் அவனைக் கெடுத்தது.

"சின்னம்மாக்கா," என்றான் மைக்கில். "கவ்வாத்து வெட்டுன மலைய பாத்திருக்கீங்கல்ல?"

சின்னம்மா வாயை மூடினாள். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கிளையோடு தறித்துவிடுவது. வெட்டிய மலையில் பச்சையே இருக்காது. வெறும் குச்சிதான் நிற்கும்.

"புதுசா வர்றவன் பாத்தா என்னா சொல்லுவான்? இந்தத் தோட்டம் செத்துப்போச்சின்னு சொல்லுவான். நீங்க சொல்லுவீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்? பொறவுதான கொழுந்து நல்லா வரும்!" என்று கத்தினாள் சின்னம்மா.

"அதாங்க பிரேசில்! இப்ப கவ்வாத்துல நிக்கிது. குச்சிய பாத்துட்டு நாங்க சிரிக்கிறோம்!"

பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் கிளம்பியது. இந்திரகுமாருக்கு வாழ்க்கையில் யாரும் கைதட்டியதில்லை. சவாரிக்கு வருகிறவர்கள், கொஞ்சம் சும்மா ஓட்டுப்பா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கைதட்டல் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுக்கு முன்னாலும் பிரேசில் இப்படித்தான் தட்டுத்தடுமாறி உள்ளே வந்தது, வந்து கோப்பையைத் தூக்கியது என்றான். பொலிவியாவில் தோற்றது மலை உச்சியில், மூச்சே வாங்க முடியாத உயரத்தில். "கொழுந்து மூட்டையத் தூக்கிக்கிட்டு மேக்கணக்கு உச்சி மலையில ஓடிப் பாருங்க, அப்பறம் பேசுங்க!" என்றான். கீக்கணக்கு எழுந்து நின்று விசிலடித்தது. மேக்கணக்குப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அத்தோடு இறங்கியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தால் அவன் இந்திரகுமார் இல்லையே.

"இன்னொன்னு சொல்றேன். வருஷக்கணக்கா நிறுத்தாம கொழுந்து எடுத்துக்கிட்டே இருக்கிற மலை ஒன்னு இருக்கு. பாக்கப் பச்சையாத்தான் தெரியும். ஆனா அடுத்து வாடப்போறது அதுதான்!"

"அது எந்த மலைண்ணே?" என்று பள்ளத்துப்பக்கமிருந்து ஒரு குரல்.

"ஆர்ஜென்டினா!" என்றது அவன் வாய்.

சொன்ன பிறகுதான் அவன் காதில் விழுந்தது. மேட்டுப்பக்கம் ஒரு சத்தமில்லை. பள்ளத்துப்பக்கம் ஆட்கள் மேடைக்கு ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கினார்கள். தருமலிங்கம் எழுந்து, "பந்தைப் பற்றி எனக்கொண்டும் விளங்கேல்லை. தேயிலை நல்லா விளங்கிச்சு. பிரேசில் தேறும்," என்று தீர்ப்புச் சொல்லி, வேட்டியை உதறிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கஜேந்திரன் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, நம்ம பெரிய கொடி ஒங்க வீட்டுலதான இருக்கு? அது எங்ககிட்டயே இருக்கட்டும்ணே."

"டேய், அது சும்மா பேச்சுக்குடா."

"பேச்சுக்குன்னா பிரேசில்னு சொல்லியிருப்பீங்க. ஆர்ஜென்டினா வாடும்னு யாருண்ணே சொல்லச் சொன்னா?"

இந்திரகுமார் எடுத்துக் கொடுத்தான். கொடி போய்விட்டது. மேக்கணக்குக்காரர்கள் அவன் ஆட்டோவில் ஏறுவதையும் நிறுத்திவிட்டார்கள். மூட்டையோடு நடந்தே ஏறினார்கள். கீக்கணக்குக்காரர்களோ ஒரு ஆட்டோவில் ஆறு பேராக ஏறி, "கவ்வாத்துத் தலைவருக்கு ஜே!" என்று கத்தினார்கள். யாரோ கண்ணாடியில் ஒரு மஞ்சள் துணியை வேறு கட்டிவிட்டார்கள். நீல வெள்ளை ஆட்டோவில் மஞ்சள் துணி பறப்பதைப் பார்த்துத் தர்மிளா சிரித்து, சிரித்து, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவனை உள்ளுக்குள் அரித்தது வேறு. காலையில் போனைத் திறந்தால் கை தன்னாலே பிரேசில் செய்தியைத்தான் முதலில் தேடியது. அவர்களுடைய ஆட்டக்காரன் ஒருவனுக்கு முழங்காலில் அடி என்று படித்தபோது, ஐயோ பாவம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஹஸீப் நனைந்தபடி லயத்துக்கு வந்தான். பகலில் கடையைப் பூட்டுகிற ஆளல்ல அவன். தர்மிளா துவாயைக் கொடுத்தாள். அவன் தலையைத் துவட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், நான் ஒண்டு கேப்பன். உண்மய செல்லணும்."

"கேளு."

"பிரேசில் உண்மையாவே தேறுமாடா?"

இந்திரகுமார் அவனையே பார்த்தான்.

"அண்டைக்குப் பேசுறதுக்கு எண்டு எல்லாத்தயும் தேடித் தேடிப் படிச்சன். இப்ப கண்ண மூடினா எங்கட பின்களந்தான் தெரியுது. பெரிய ஓட்டை ஒண்டு ஈக்கி மச்சான். தூக்கமே வருதில்ல."

முப்பது வருடத்தில் இப்படியொரு சந்தர்ப்பம் இந்திரகுமாருக்குக் கிடைத்ததில்லை. ஒரு வார்த்தை போதும். ஹஸீப் சுருண்டு விழுந்துவிடுவான். வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"ஒனக்கென்ன பைத்தியமா? புதுப் பயிற்சியாளர் வந்திருக்காரு, இத்தாலிக்காரரு, பின்களத்த கட்டிப்போடத் தெரிஞ்ச மனுசன். ஒக்காரு மொதல்ல."

ஒவ்வொரு ஆளாகச் சொல்லி, மேசையில் கிளாசுகளை அடுக்கி, எப்படி அடைப்பார்கள் என்று காட்டினான். ஹஸீபுக்கு மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. தேத்தண்ணீரைக் குடித்தான். கிளாசைக் கீழே வைக்கும்போதுதான் இந்திரகுமாரின் முகத்தைக் கவனித்தான்.

"ஒனக்கு என்ன?"

"நான் அன்னைக்குச் சொன்னதுதான். ஓயாம எடுத்த மலை வாடும்னு. ஒரு வேகத்துல சொல்லிட்டேன். இப்ப யோசிச்சா அது நெசம் மாதிரியே இருக்குடா."

"போடா பைத்தியக்காரா. தெரிவுப் போட்டியில மொதலாவது ஆரு? ஒங்கட நடுக்களத்துக்கு ஈடு இந்த ஒலகத்துல ஈக்கா?"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தர்மிளாவுக்குத் தலை சுற்றியது. ஆர்ஜென்டினாக்காரன் பிரேசிலைத் தாங்குகிறான். பிரேசில்காரன் ஆர்ஜென்டினாவைத் தாங்குகிறான். "ரெண்டு பேருக்கும் காச்சலா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

காய்ச்சல் நெடுநேரம் நீடிக்கவில்லை. ஆறுதல் பெற்ற ஹஸீப் நிமிர்ந்து உட்கார்ந்து, "எப்பிடியோ, இறுதிப் போட்டியில நீங்க எங்களுக்கிட்டத்தான் தோக்கணும்," என்றான்.

"இறுதிப் போட்டியா? ஓட்டைப் பின்களத்த வச்சிக்கிட்டா?"

"இப்பதான் அடைச்சிடுவாங்க எண்டு சென்னே!"

"அழுவியேன்னு சொன்னேன்டா!"

மேசைமேல் அடுக்கிய கிளாசுகள் அதிர்ந்தன. மழைக்கு மேலால் சத்தம் கேட்டு, பாதையில் குடையோடு போய்க்கொண்டிருந்த கஜேந்திரன் நின்றான். ஜன்னலருகே வந்து காதுகொடுத்தான். பிரேசிலின் பின்களத்தை இந்திரகுமார் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். கஜேந்திரன் முகம் மலர்ந்தது. குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, அந்த நாலு கோல சொன்னீங்களா இவருக்கு?"

தர்மிளா கேத்தலில் இன்னும் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றினாள்.