புள்ளிகளுக்கு முன்வரிசை கிடையாது

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று அப்பா, அம்மா, கல்யாணப் பெண்ணான அக்கா, நான். தாய்மாமா இல்லை; மேருவில் லோரிக்கு டயர் மாற்றப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என் தப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அக்காவின் கல்யாண விருந்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் பேச்சு. மேசைக்குப் பத்துப் பேர். பேசிக்கொள்ளாத சொந்தங்கள் ஒரே மேசையில் சிக்கிவிடக் கூடாது.

"நான் போட்டுத் தரேன்," என்றேன். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதமான கோட்டுருவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று வீட்டில் ஒரு தடவையாவது காட்டிவிட ஆசை.

ஆளுக்கொரு புள்ளி வைத்தேன். சண்டைக்காரர்களுக்கு நடுவே கோடு. கோடு இருந்தால் வேறு வேறு மேசை.

"பூச்சோங் சித்தியும் செராஸ் அத்தையும்?"

"வளைகாப்புல இருந்தே பேச்சு இல்ல. போடு கோடு," என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். "இதுக்கா இத்தனை வருஷம் யூனிவர்சிட்டி? உங்கம்மாகிட்டயே படிச்சிருக்கலாம்லா!"

விருந்தன்று ஒரு முணுமுணுப்பு இல்லை. வாசலில் பெருமையாக நின்றேன். பட்டு வேட்டியில் மாமா வந்தார். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளில் என் பெட்டி படுக்கையைத் தன் லோரியில் ஏற்றிப் போனவர். பட்டியலில் தன் பெயரைத் தேடினார். இருபத்தேழாம் மேசை, சமையல்கட்டுக் கதவோரம்.

"நீயாடா போட்ட?"

"ஆமா மாமா. அந்த மேசையில எல்லாருமே உங்களோட நல்லாப் பேசுறவங்க."

என் படத்தில் மேசைகளுக்கு முன்னும் பின்னும் கிடையாது. தாய்மாமன் மேடையை ஒட்டித்தான் உட்காருவார் என்பது யாரும் சொல்லத் தேவையில்லாத விஷயம். அதனால் யாரும் சொல்லவில்லை. அக்காவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, மாமா சாப்பிடாமல் போய்விட்டார்.

ஒரு மாதம் அம்மாவின் போனை அவர் எடுக்கவில்லை. பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் பழமும் பூவும் வாங்கி, தட்டோடு நால்வரும் போனோம்.

"ஊரு பார்க்கத்தானே கதவோரம் வெச்சீங்க? சாப்பாடும் ஊரு பார்க்கவே போடுங்க," என்றார் மாமா.

அவர் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டோம். மாமா நடுவில் நின்று, "டாக்டரு, நான் எங்க உட்காரணும்?" என்று கேட்க, தெருவே சிரித்தது. அவர் இலைக்கு நான்தான் பரிமாறினேன். மூன்று தடவை கறி கேட்டு வாங்கினார்.

இப்போது நான் விரிவுரையாளர். புள்ளிகள் எல்லாம் சமம் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்தக் கூடாரத்துக்குப் போய்விடுகிறேன்.

ஆட்டுக்கறி, வாழையிலை, கூடாரம், நாற்காலி வாடகை, மாமாவுக்கு வேட்டி துண்டு, எல்லாம் சேர்த்து நாலாயிரத்து அறுநூறு ரிங்கிட்.