கஞ்சி ஒழுகிய வாட்டர் பம்ப்

1946 வைகாசி, வியாழக்கிழமை. தேதிக்காக டைரியைப் புரட்டினேன். அந்த இடத்தில் என் கிரீஸ் விரல் பதிந்து கிடக்கிறது. நேரம் மட்டும் தெளிவாக இருக்கிறது: காலை 7.20. ஆர்.கே.பேட்டை தாண்டி இரண்டாவது மைலில் கார் நின்றது. பானெட்டிலிருந்து ஆவி பறந்தது. பின்சீட்டில் அம்மையார்குப்பத்து மாப்பிள்ளை. திருத்தணி மலைமேல் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். படி ஏறவே அரை மணி வேண்டும்.

நான் திருத்தணி ஒர்க்‌ஷாப் ஒன்றில் மெக்கானிக். அங்கிருந்த வாடகைக் காரையும் நானே ஓட்டுவேன்.

வாட்டர் பம்பின் வேலை எளிது. ஃபேன் பெல்ட் சுற்றினால் பம்பின் ஷாஃப்ட் சுற்றும். அதன் நுனியிலுள்ள இறக்கைச் சக்கரம், ரேடியேட்டரில் ஆறிய தண்ணீரை இழுத்து என்ஜினுக்குள் தள்ளும். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் தண்ணீர் ஒழுகாதபடி கிராஃபைட் பூசிய கயிற்றைச் சுற்றி, மேலே கிளாண்ட் நட்டைப் போட்டு இறுக்குவோம். அதுதான் பேக்கிங். அது தளர்ந்தால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் என்ஜின் கொதிக்கும்.

எங்கள் காரில் அது தேய்ந்து போயிருந்தது; யுத்தம் முடிந்தும் அந்தக் கயிறு எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே, திங்கட்கிழமை கார் பேச வந்த மாப்பிள்ளையின் தகப்பனார், நெசவாளர் கோவிந்தசாமியிடம் கெட்டியான நூல் கேட்டேன்.

"எதுக்குபா?" என்றார்.

"என்ஜின் சமாசாரங்க. இங்கிலீஷ் புஸ்தகத்துல இருக்குது. சொன்னா வெளங்காது."

மறுநாள் நூல் வந்தது. கம்பி போல விறைப்பாக இருந்தது. பூரித்துப் போய்ச் சுற்றி இறுக்கினேன்.

இப்போது கோவிந்தசாமி காரிலிருந்து இறங்கி வந்தார். பம்புக்கு அடியில் சொட்டியதை விரலில் தொட்டார், தேய்த்தார், மோந்து பார்த்தார்.

"மேஸ்திரி, இது எங்க வூட்டுக் கஞ்சியாச்சே!"

"தண்ணிங்க."

"இன்னா தண்ணி? கொழகொழன்னு ஒட்டுது பாரு. நான் குடுத்த நூலை இதுலயா சுத்தினே? அது பாவு நூல்பா. தறியில அறுந்துபூடக் கூடாதுன்னு கஞ்சி போட்டது. சுடுதண்ணி பட்டா தொளதொளன்னு ஆயிடும். உன் இங்கிலீஷ் புஸ்தகத்துல கஞ்சியப் பத்தி ஒண்ணும் போடலியா?"

"நைனா, தாலி கட்டினப்புறம் அவரைக் கிண்டல் பண்ணிக்கலாம். என் வேட்டியில நூல் உருவட்டுமா?" என்றான் மாப்பிள்ளை.

"புது வேட்டிடா. அதுவும் கஞ்சிதான்."

எல்லார் உடம்பிலும் புதுத் துணி. கல்யாணச் சவாரி என்று நானும் புதுச் சட்டை போட்டிருந்தேன். கார் துடைக்கும் கந்தலோ தொட்டாலே கிழிந்தது. அப்போது எல்லார் கண்ணும் கோவிந்தசாமியின் தோளுக்குப் போனது. அங்கே ஒரு பழைய துண்டு. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் மனைவி திட்டிக்கொண்டு வந்தது அதைத்தான்.

"பன்னெண்டு வருசம் துவைச்சது. கஞ்சின்ற பேச்சே கெடையாது," என்று சொல்லி அவரே அதை நீளவாக்கில் கிழித்தார். தொடையில் வைத்து அவர் முறுக்கிய முறுக்கு எனக்கு வராது. நான் கஞ்சி நூலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, துண்டுக் கயிற்றில் கிரீஸ் தடவி, ஷாஃப்ட் சுற்றும் திசையிலேயே சுற்றி, நட்டை இறுக்கினேன். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, வயல் கிணற்றிலிருந்து கல்யாணக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம்.

8.02க்குக் கிளம்பினோம். 8.29க்கு மலையடிவாரம்.

"பாத்தியா? நீ சொன்னேன்னு துண்டை மாத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றார் கோவிந்தசாமி.

"ஆங், கிழிச்சாச்சு இல்ல? இப்போ மாத்துங்க," என்று அவர் மனைவி பையிலிருந்து புதுத் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

8.57க்கு மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து யாரிடம் எதைக் கேட்டாலும், எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகம் எழுதியவருக்குத் தெரியாதது நூல் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்கும். கோவிந்தசாமி மட்டும் கடைசிவரை விடவில்லை. சந்தையில் நூறு பேர் நடுவில் பார்த்தாலும் கை தட்டிக் கூப்பிடுவார்.

"மேஸ்திரி! வண்டிக்குக் கஞ்சி ஊத்தியாச்சா?"