மாடியில் கட்டிய மழைமானி

என் வீட்டுக்காரர் மழைமானி வாங்கினார், என் நிம்மதி போயிற்று. கோடு போட்ட நேரான பிளாஸ்டிக் குழாய்தான். மரத்துச் சொட்டு விழுந்துவிடக் கூடாதென்று, எங்கள் ஊர் இலஞ்சியின் தென்னைகளுக்கும் மேலே நிற்கும் எங்கள் மொட்டைமாடிச் சுவரில் அதைக் கட்டினார். தினமும் காலை எட்டரைக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஏறுவார். அது காட்டுவதுதான் அவருக்கு வேதவாக்கு.

போன ஆனியில் சாரல் பிடித்தது. துவைத்த துணி காயவில்லை. தீப்பெட்டி நமத்துப்போனது. குற்றாலத்தில் குளிக்க இடமில்லை. குழாயில் மட்டும் அடி நனையத் தண்ணீர்.

"பருவம் ஏமாத்திட்டு. இத நம்பி நட முடியாதுட்டி" என்றார். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. மழையும் கைகொடுத்தால்தான் முறைவைத்து விடும் தண்ணீர் போதும். நடவுக்குச் சொல்லியிருந்த பெண்களை வரவேண்டாம் என்றுவிட்டார். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முற்றத்தில் மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் டின்னைப் பார்த்தேன். மேல்பக்கம் வெட்டிய எண்ணெய் டின். முந்தின நாள் அவர் மாடியேறிய நேரத்தில்தான் கழுவி வைத்திருந்தேன். உள்ளே இரண்டு விரல்கடைத் தண்ணீர்!

"ஏங்க, இங்கன வந்து பாருங்க."

"ஏட்டி, அதுக்கு வாய் பெருசு. நெறைய விழத்தான் செய்யும்."

"வாய் பெருசுன்னா வயிறும் பெருசுதான? விழுந்தது பரந்துதான கெடக்கு? ஆழத்த அளந்து பாருங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குழாயை அவிழ்த்து வந்தார். முற்றத்தின் நடுவில் குச்சி நட்டு, டின்னின் உயரத்துக்கே கட்டினார். டின்னில் கிடந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப நிமிர்த்தி வைத்தார். ஒரு நாள் பொறுத்தோம்.

காலையில் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் டின்னிலும் குழாயிலும் ஒரே அளவு. மாடியில் மலைக்காற்று சுவரில் மோதி மேலே எழும்பும். பூப்போல விழும் சாரலைக் குழாயின் வாயைத் தாண்டி அடித்துக்கொண்டு போயிருக்கிறது. பாவம், தனக்குள் வந்து விழுந்ததைத்தானே அது காட்டும்!

நான் வாயே திறக்கவில்லை. திறக்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் போனை எடுத்து, நடவுப் பெண்களைக் கூட்டிவரும் ஆச்சியைக் கூப்பிட்டார். "ஆச்சி, நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்திருங்க. நடவு உண்டு."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினார். இத்தனை நாளும் ஈரத்துணியோடு அல்லாடிய என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்:

"ஏட்டி, மழ பெய்யுதுட்டி!"