கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்க்கரை பீட்: ஆனையூரிலிருந்து கப்பலூர் வரை

என் மூத்த பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர். அவன் தம்பி பாலிடெக்னிக்கில் முதலாவதாக வந்தான், இப்போது துபாயில். மகன் வயிற்றுப் பேத்தி கபடியும் ஆடி, வங்கிப் பரீட்சையும் தேறிவிட்டாள். எல்லாருக்கும் இளையவள், மகள் வயிற்றுப் பேத்தி சுகன்யா, பயோடெக்னாலஜியில் தங்கப் பதக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் எழுதித் தருவதை எதிர்வீட்டு டீச்சர் இந்த வலைப்பூவில் ஏற்றுகிறார். பெருமையடிக்க ஆள் வேண்டாமா? வீட்டில் என்னையும் டிவியையும் தவிர யாரும் இல்லை.

சுகன்யா மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள், மூன்று வருடம். அதற்கு முன், சென்னையில் இரண்டு வருடமாகச் செய்துவந்த ஆராய்ச்சியை முடிக்க, கப்பலூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு வாரம் வேலை. வெள்ளிக்கிழமை ஆனையூருக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. வியாழக்கிழமை இரவு போன் வந்தது. "செடி வளக்குற பாட்டில்ல பூசணம் வந்துருச்சு அம்மாச்சி. நாளைக்கு வர முடியாது. இங்கயிருந்தே ராத்திரி சென்னைக்குப் போறேன்." சரி, நாம் போவோம் என்று கிளம்பிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு ஆனையூரில் டவுன் பஸ், பெரியார் நிலையத்துக்கு மூன்றரை ரூபாய். அங்கே இரண்டு முழம் மல்லிகை வாங்கி வாழையிலையில் கட்டிக்கொண்டேன். வீட்டுப் பெண்ணைப் பூ இல்லாமல் போய்ப் பார்த்து எங்களுக்குப் பழக்கமில்லை. திருமங்கலம் பஸ்ஸில் கப்பலூர், ஆறு ரூபாய். இறங்கி ஷேர் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர்.

ஆட்டோக்காரர் கேட்டார்: "அங்க பீட்ரூட்டுல சீனி எடுக்காகளாமே! இனிமே காப்பியெல்லாம் செவப்பாத்தான் வருமா?"

"அது வெள்ளக் கிழங்குப்பா. குளிர் தேசத்துல வெளையிறது. நம்ம வெயிலத் தாங்குற மாதிரி எம் பேத்தி மாத்துறா."

"வெயிலத் தாங்குறதுக்கா? அப்ப எனக்கும் ஒரு ஊசி போடச் சொல்லுங்க."

உள்ளே உதவியாளர் மீனா என்ற பெண் விளக்கிச் சொன்னாள். பீட் செடியின் துணுக்குக்குள், பாக்டீரியா ஒன்றின் மூலமாக, வேறொரு செடியின் மரபணுவை அனுப்புகிறார்கள். பிறகு மருந்து கலந்த கூழில் வைக்கிறார்கள். மரபணு சேராத துணுக்கு வெளுத்துச் சாகும். சேர்ந்தது பச்சையாகத் துளிர்க்கும். பீட் லேசில் துளிர்க்காதாம். இரண்டு வருடத்தில் சுகன்யாவுக்குப் பிழைத்து நின்றது சில பாட்டில்கள்தான். அதில்தான் பூசணம். அன்றைக்கே நல்ல துளிர்களைப் பிரித்துப் புதுக் கூழுக்கு மாற்றாவிட்டால் எல்லாம் போய்விடும்.

என் பையைப் பார்த்ததும் மீனா பதறினாள். "ஐயோ, பூவா? பூவுலதான் பூச்சியும் பூசணமும் இருக்கும். இதோட அந்த ரூம் கிட்டயே போகக் கூடாது அம்மாச்சி."

"மல்லியப் போய் அழுக்குங்கிறியே தாயி!"

பூவை வாசல் காவலரிடம் கொடுத்து, கை கால் கழுவி, வேறு செருப்பு மாட்டிய பிறகே நடைக்குள் விட்டார்கள். ஒரு பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் மூன்று பெண்கள், தலையில் நீலத் தொப்பி, முகத்தை மூடிய துணி. எது என் பிள்ளை என்று தெரியவில்லை. ஒருத்தி இடது கையில் இடுக்கியைப் பிடித்தாள். அவள்தான்.

நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து கையுறையை உருவப் போனாள்.

"வெளிய வந்தா இன்னைக்குத் திரும்ப உள்ள விட மாட்டாக. அந்த ரெண்டு பேருக்கும் வேற வேல இருக்கு, மிச்ச பாட்டில மாத்த ஆள் இல்ல" என்றாள் மீனா மெதுவாக.

நான் கையை உயர்த்தி, உட்கார் உட்கார் என்று காட்டினேன். அவள் நின்றாள். மறுபடியும் காட்டினேன், கொஞ்சம் கோபமாகவே. உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். சுடரில் இடுக்கியைக் காட்டுவாள், துளிரை எடுப்பாள், வைப்பாள், மூடுவாள். பிறகு நடையில் ஒரு நாற்காலி போட்டார்கள். ஐந்து மணிக்குமேல் பார்வையாளர்கள் இருக்கக் கூடாது. நான் கிளம்பும்போது அவள் குனிந்துதான் இருந்தாள். கண்ணாடியைத் தட்டவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் யாருமில்லை.

இரவு ஒன்பதரைக்கு போன். "அம்புட்டும் மாத்திட்டேன் அம்மாச்சி. பச்சையாத்தான் இருக்கு. வாசல்ல குடுத்த பூவத் தலையில வச்சிருக்கேன்." அழுதாளா, பஸ் இரைச்சலா தெரியவில்லை. லைன் போய்விட்டது.

இப்படிப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் முதலிலேயே போன் செய்து, வேலை முடியும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூ, பழம் வேண்டாம். குளித்து, துவைத்த துணி உடுத்திப் போங்கள். கப்பலூரில் சாப்பாட்டுக் கடை தூரம், கையில் கட்டிக்கொண்டு போங்கள். நான் போகாமல் இருந்திருக்கலாமா என்று டீச்சர் கேட்டார். இல்லை. அந்தத் துளிர் பிழைத்தது எனக்கும் சந்தோஷம்தான்.

சுகன்யா, ஜெர்மனியில் இதைப் படிப்பாய் என்று டீச்சர் சொல்கிறார். உன் கண்ணை மட்டும்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். முகத்தில் துணி இல்லாமல் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு தாயி.