குதிரைக் காலில் நான் கட்டிய படங்கு

என் கணவர் குதிரையைக் கொண்டுவந்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திய அன்று தொடங்கி மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. இருக்கிற ஒன்றரை அறையில் மனிதருக்கே இடமில்லை, இதில் குதிரை வேறு. ரேஸில் ஓடி ஓய்ந்துபோன செம்பழுப்புப் பெண்குதிரை. நுவரெலியா ஏரிக்கரையில் வெளியூர்க்காரர்களை ஏற்றி ஒரு சுற்றுக் காட்டும் வேலைக்காக அவளை வாங்கியிருந்தார். லயத்துக்குப் பின்னால் பாழாய்க் கிடந்த மாட்டுப்பட்டிக்குத் தகரம் போட்டு அதில் கட்டினார். மலையில் என்னோடு கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அது போதாதா? காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்கும்போதே, "என்னாடி, ஒன் சக்களத்தி சாப்பிட்டாளா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "அவ சாப்பிட்டா. ஒங்க வீட்டு ஆளு எந்திரிச்சிட்டாரா?" என்று நானும் கேட்பேன்.

நான்காம் நாள் வேறு வழியில்லாமல் அவளுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். குடித்து முடித்துவிட்டு, ஈர வாயை அப்படியே என் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. அதற்குப் பிறகு காய்கறித் தோட்டக் காணிகளில் கழித்துப் போடும் முறிந்த கேரட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவது என் வேலையானது. என் காலடிச் சத்தம் கேட்டாலே பட்டியின் கதவை மூக்கால் இடிப்பாள். அவர் வந்தால் அப்படிச் செய்வதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் கார்த்திகையில் பிடித்த மழை மார்கழியிலும் விடவில்லை. ஏரிக்கரையில் ஒரு ஆள் இல்லை. அவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு கட்டட வேலைக்குப் போகத் தொடங்கினார். ஞாயிறு மாலை போனால் சனிக்கிழமைதான் வருவார். அப்படி அவர் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், மேய விட்ட இடத்தில் மண் சரிந்து, அவளுடைய பின்னங்கால் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிவிட்டது. கானுக்குள் பழைய முள்வேலிக் கம்பி கிடந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தோல் தொங்கியது.

டவுனிலிருந்து மிருக டாக்டர் வந்து தைத்தார். சிங்களக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். "நரம்புக்கு ஒண்ணும் ஆகல்ல. ஒவ்வொரு நாளும் அவுத்துக் கழுவணும், மருந்து போடணும், புதுத் துணி கட்டணும். ஈரம் ஆகாது" என்றார். அன்று மாலை கிளம்பும்போது என் கணவர் பட்டி வாசலில் வெகுநேரம் நின்றார். "பாத்துக்க புள்ள" என்றார். "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். கட்டு எப்படிப் போடுவது என்று எனக்கு இவர் சொல்லித் தரவேண்டுமா என்றுகூட நினைத்தேன்.

திங்களும் செவ்வாயும் டாக்டர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கழுவினேன். பழைய சேலையைக் கிழித்துக் கட்டினேன். ஆனால் பட்டியின் தரையில் எந்நேரமும் தண்ணீர் நின்றது. காலையில் கட்டிய துணி மத்தியானத்துக்குள் ஊறிவிடும். அவிழ்த்துத் துவைத்து அடுப்புக்கு மேலே போட்டால் காயவில்லை, புகை நாற்றம்தான் ஏறியது. ஈரம் ஆகாது, ஈரம் ஆகாது என்று எனக்கு அது ஒன்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மலையில் மழைக்குள் நிற்கும்போது குனிந்து என் இடுப்பைப் பார்த்தேன். மழைக்காலத்தில் நாங்கள் எல்லோரும் இடுப்பிலிருந்து கால்வரை படங்கு கட்டுவோம். தடித்த பொலித்தீன் சீலை. அதைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கினால் நாள் முழுக்கப் பெய்தாலும் உள்ளே இறங்காது. எனக்கு என்னவோ பெரிய கண்டுபிடிப்புப் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய படங்கில் ஒரு துண்டை வெட்டி, மருந்து போட்ட துணிக்கு மேலே சுற்றி, மேலேயும் கீழேயும் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். நாங்கள் இடுப்பில் கட்டுவது போலவே, விரல் நுழையாதபடி. அவள் காலை ஒருமுறை உதறினாள். "சும்மா இருடி" என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

வியாழக்கிழமை கட்டு அசையாமல் இருந்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நனையாத கட்டை எதற்கு அவிழ்ப்பது, அவிழ்த்தால்தானே ஈரம் படும் என்று விட்டுவிட்டேன். அன்று அவர் போனில் கேட்டார். "நல்லா இருக்குங்க. ஒரு சொட்டுத் தண்ணி படல" என்றேன். அவர் சிரித்தது கேட்டது. வெள்ளிக்கிழமை அவள் அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை. குளிருக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று முதுகில் இன்னொரு சாக்கைப் போட்டேன். கேரட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துப் பார்த்தால் மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வாடையும் வந்தது. நனைந்த சாக்கு வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு வாடையில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்து பையைக்கூட இறக்காமல் பட்டிக்குப் போனார். கயிற்றை அறுத்ததும் படங்குக்குள்ளிருந்து சீழும் தண்ணீரும் வடிந்தன. துணியோடு தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே வேர்த்து வேர்த்து, மூடிவைத்த சோறு போலக் கெட்டிருந்தது. கயிறு இருந்த இடத்தில் சதை கறுத்திருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வெந்நி கொண்டா" என்று மட்டும் சொன்னார். அன்றும் மறுநாளும் மாறி மாறிக் கழுவினோம். ஞாயிறு மாலை அவர் வேலைக்குக் கிளம்பவில்லை. அவள் ஒருமுறைகூட எங்களை உதைக்கவில்லை. உதைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். காலைத் தொட்டுப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், பிறகு எழுந்து கையைக் கழுவினார். சீழ் மூட்டுக்குள் இறங்கிவிட்டதாம். நரம்பு அழுகிவிட்டதாம். இனி அந்தக் கால் அவளைத் தாங்காது, வைத்திருந்தால் வேதனைதான், ஊசி போட்டுவிடலாம் என்றார்.

"பொலித்தீன் கட்டினது யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நான்தாங்க சேர்" என்றார்.

டாக்டர் அவரைப் பேசாத பேச்சில்லை. குதிரை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா, இப்படிக் கட்டினால் மரம்கூட அழுகிப்போகுமே என்று திட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, தப்புதாங்க" என்று நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அடி முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அவளைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறிய பிறகும் அவள் காது என் பக்கம் திரும்பியபடியே இருந்தது.

ஏரிக்கரையில் மற்றக் குதிரைக்காரர்கள் கேட்டார்கள். லயத்தில் கேட்டார்கள். எல்லோரிடமும் அவர் அதையே சொன்னார், வேலைக்குக் கிளம்பும்போது தானே கட்டிவிட்டுப் போனதாக. அதே மலைப் பெண்கள் என்னிடம் வந்து, "ஒன் புருஷனுக்கு இவ்வளவு விவரம் பத்தாதா?" என்று கேட்டபோது, அழுதேனே தவிர மறுத்துப் பேசவில்லை. ராத்திரி ஒரு தடவையாவது அவர் என்னைத் திட்டுவார் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். திட்டினால் நானும் அழுது ஒத்துக்கொண்டுவிடலாம். அவர் திட்டவில்லை. வேறு குதிரை வாங்கவும் இல்லை. கட்டட வேலைக்கே போய்வருகிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வெளியே நல்ல மழை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடி, "அன்னைக்கு நான் அவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கக் கூடாது புள்ள" என்றார்.

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.