தூக்குச் சட்டியில் போன என் நோன்பு

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்கு அவர் வாயில் கொள்ளியை வைக்கலாம் போல இருந்தது எனக்கு. "ரம்ஜான் நோன்பை எல்லாம் இனிமே நினைச்சும் பாக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, இனி டயாலிசிஸ்தான் என்று சொன்னபோதுகூட நான் அழவில்லை. நோன்பு கூடாதென்று சொன்ன அன்று பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எனக்கு நோன்பு என்ன புதிதா? வருஷம் முழுக்கத் தாகத்தோடுதான் கிடக்கிறேன். குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. ஒரு சின்ன பாட்டில்தான், அதை வைத்து ஒரு நாளை ஓட்ட வேண்டும். மீறிக் குடித்தால் டயாலிசிஸுக்குப் போகிற அன்று எடை பார்க்கும் மிஷின் காட்டிக் கொடுத்துவிடும், நர்ஸுப் பிள்ளை ஏசும். பக்கத்தில் தாமிரபரணி பாட்டுக்கு ஓடுகிறது, நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தாகத்தை நோன்பாக எடுத்துக்கொள்ள மாட்டாயா என்று அல்லாஹ்விடம் கேட்டேன். பதில் இல்லை. சரிதான் போ என்று நானும் கோபித்துக்கொண்டேன். தொழுகையை விடவில்லை. ஆனால் தொழுது முடித்ததும் கையேந்தி எதுவும் கேட்காமல் பாயைச் சுருட்டிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் சவுதியில் ஒரு மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். எனக்காக வேலையை விட்டுவிட்டு வந்தார். அத்தனை பேருக்குக் கறி ஆக்கிப் போட்ட மனிதர், இப்போது காய்களை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, காயின் உப்புச்சத்து போக அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல் ஒன்று செய்து கொடுப்பார்.

"எப்படிளா இருக்கு?"

"சுண்ணாம்பத் திங்கிற மாதிரி இருக்கு."

மறுநாளும் அதே ஆசையோடு கேட்பார். அவர் மட்டும் இல்லையென்றால் நான் எப்போதோ மண்ணுக்குள் போயிருப்பேன். இதை அவரிடம் சொல்வதில்லை, தலைக்கு ஏறிவிடும்.

ரம்ஜான் பிறை தெரிந்த அன்று நான் உம்மென்று இருந்ததைப் பார்த்துவிட்டு அவர்தான் பேச்சை எடுத்தார். நோன்பு வைக்க முடியாத நோயாளி, விட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஃபித்யா என்போம். "ஒன் நோன்பு எங்கயும் போயிரலளா. தூக்குச் சட்டியில வச்சுக் குடுத்துருவோம்" என்றார்.

மற்ற நாட்களுக்கு எங்கள் தெருவிலேயே ஆள் இருந்தது. டயாலிசிஸ் நாட்களுக்கு நான்தான் ஆளைச் சொன்னேன். சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வருவாள். வயல் வேலை செய்கிறவள். அவள் புருஷனுக்கு என் பக்கத்துக் கட்டில். அவனுக்கு மிஷின் ஓடி முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள், டீயைத் தவிர வேறொன்றும் வாங்க மாட்டாள். வேற்று மதத்துக்காரியான அவளுக்குக் கொடுக்கலாமா என்று வீட்டுக்காரர் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுவிட்டு வந்தார். பசிக்கிற வயிறுதானே, கொடுங்கள் என்றாராம்.

"நோன்புச் சோறும்மா. மறுக்காம வாங்கிக்கிடணும்" என்று சொல்லி வீட்டுக்காரர் முதல் சட்டியைக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வாங்கினாளே தவிர, சாப்பிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பொழுது சாய்வதற்கு முன்னால் புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அடுத்த முறை சட்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று வரும். இது ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். எனக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று. எங்கள் வீட்டுச் சோறு இவளுக்கு ஆகவில்லையோ, வாய்க்காலில் கொட்டிவிட்டுச் சட்டியை மட்டும் கழுவிக்கொண்டு வருகிறாளோ என்று கிடந்து புழுங்கினேன். வெறும் சோறு என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அது என் நோன்பு. அவள் வயிற்றுக்குள் போகாவிட்டால் எனக்கு இந்த வருஷம் நோன்பே இல்லை.

"அவ வயித்துக்குள்ள எட்டிப் பாக்கவா குடுத்தோம்? சும்மா கெட" என்றார் வீட்டுக்காரர். நான் எங்கே சும்மா கிடந்தேன்.

ஒரு நாள் மிஷின் கோளாறாகி எங்களுக்கு ஆரம்பிக்கவே நேரமாகிவிட்டது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. புருஷனுக்குப் போர்த்திவிட வந்தவள் தலைசுற்றிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸுப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. தாகத்தில் வெடித்த உதடு எனக்குத் தெரியாதா?

"ஏளா, இங்கன வா" என்றேன். "எங்க வீட்டுச் சோறு ஒனக்கு ஆகாதுன்னா சொல்லிரு, வேற ஆளுக்குக் குடுத்துக்கிடுதோம். சோத்தயும் திங்காம, தண்ணியயும் குடிக்காம என்னத்துக்கு இப்படிச் சாவுத?"

அவள் முகம் வாடிவிட்டது. "யக்கா, என்ன இப்படிச் சொல்லிட்டிய? நோன்புச் சோறுன்னு பாய் சொன்னாவல்லா? நோன்பு இருக்காம அதுல எப்படிக்கா கை வைக்க? சோறு வாங்குத அன்னைக்கு விடியுமுன்ன ஒரு வாய் கஞ்சி குடிக்கதோட சரி. பொறவு பச்சத்தண்ணி பல்லுல படாது. பொழுதடைஞ்சு வீட்டுல வெளக்குப் போட்ட பொறவுதான் சட்டியத் தொறப்பேன். பிள்ளையளும் நானுமாச் சாப்பிடுவோம்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எங்க விரதத்துக்குக் கவிச்சி ஆகாது. உங்க நோன்புக்கு ஆகுமோ? போன தடவ கறில்லா இருந்துச்சு" என்றாள். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

"யாருக்காகளா இருந்த?" என்றேன்.

"உங்க சோறு, உங்க நோன்பு. எங்க வீட்டு ஆளையும் சேத்துக் கும்பிட்டுக்கிட்டேன். தப்பாக்கா?"

சோறு கொடுத்தால் போதும் என்றிருந்தேன். நான் வைக்க முடியாத நோன்பை ஒருத்தி எனக்காக வைத்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த நாட்களிலெல்லாம் அல்லாஹ் என்னைக் கைவிட்டிருக்கவில்லை.

"நீ இருக்க வேண்டாம்ளா. நீ சாப்பிட்டாலே என் நோன்பு கூடிரும். இப்பமே தண்ணியக் குடி" என்றேன்.

"இவ்வளவு நேரம் இருந்துட்டேன். இன்னும் கொஞ்சம் பொழுதுதானக்கா" என்றாள்.

வீட்டுக்காரரின் போனில் பாங்கு சொன்னது. தனக்கு வைத்திருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, வராந்தாக் கேனில் தண்ணீர் பிடிக்க அவர் எழுந்தார். நான் விடவில்லை. ராத்திரிக்கென்று மிச்சம் பிடித்து வைத்திருந்த என் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

நோன்பு திறக்கும் துஆ அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது. மற்றக் கையை ஏந்திச் சொன்னேன். எனக்கு, அவளுக்கு, பக்கத்துக் கட்டிலில் கிடந்தவனுக்கு என்று வாய்விட்டுக் கேட்டேன். அல்லாஹ்விடம் கோபித்துக்கொண்ட பிறகு நான் கையேந்தியது அன்றைக்குத்தான்.

அவள் கையைக் குவித்து நின்று கேட்டாள். பழத்தைத் தின்றுவிட்டு ஒரே ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு பாட்டிலின் மூடியைத் திருகி, மெதுவாக என் தலைமாட்டில் வைத்தாள்.

"மிச்சம் ராத்திரிக்கு உங்களுக்கு வேணும்லாக்கா" என்றாள்.